பட்டன்காரர் வீட்டுக்கு நடந்து வந்த வெளிச்சம்

ஏணியின் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். அவளுக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் அது அடையாள அட்டையில்தான் இருந்தது, தெருவில் இல்லை. கூரையில் தொங்கும் விளக்கைத் தரையில் நின்றபடியே கழற்றி மாட்டுவாள். மின்விசிறி மாட்ட மட்டும் ஒரு முக்காலி கேட்பாள், அதுவும் வீட்டுக்காரர்களின் மனத்திருப்திக்காக.

அவளை வேலைக்கு வைத்திருந்த மேஸ்திரிக்கு ஆறு வருஷமாக ஏணி வாடகை மிச்சம். அந்த மிச்சத்தையும் தன் பையில் போட்டுக்கொண்டு, ஆண்களுக்குக் கொடுக்கிற கூலியில் பாதியைத்தான் அவளுக்குக் கொடுத்தார். ஏன் என்று கேட்டால், "உனக்கென்னம்மா, கடவுள் குடுத்த உயரத்துலயே பாதி வேலை முடிஞ்சிடுது. மீதிப் பாதிக்குத்தானே கூலி?" என்பார். அவர் சொல்லும்போது அது நியாயம் மாதிரியே இருக்கும். வீட்டுக்கு வந்து கை கால் கழுவும்போதுதான் நியாயமில்லை என்று உறைக்கும். அதற்குள் மேஸ்திரி சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பார்.

முப்பத்தெட்டாவது வயதில் அவள் பரீட்சை எழுதி உரிமம் வாங்கினாள். ஒரு சனிக்கிழமை மேஸ்திரியிடம் போய், "இனிமே சொந்தமா செய்யப் போறேன்" என்றாள்.

"தாராளமா செய்யேன். திங்கக்கிழமை வேணாம், அதுக்கு அடுத்த திங்கக்கிழமை வந்துடு. பாதிக் கூலி உனக்காகப் பத்திரமா இருக்கும்" என்று மேஸ்திரி பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்.

அவர் அப்படித் தைரியமாகச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த ஊர் எலக்ட்ரீஷியன்களிடையே ஒரு வழக்கம். சொந்தமாகத் தொழில் தொடங்குகிறவர் முதல் வீட்டில் என்ன கூலி வாங்குகிறாரோ, அதுதான் அவருடைய கூலி. எலக்ட்ரிக் சாமான் கடை வாசலில் அன்று சாயங்காலமே செய்தி பரவிவிடும். மறுநாள் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் அதையேதான் நீட்டுவார்கள். முதல் வீட்டில் ஒரு தட்டு மிக்சரும் நன்றியும் வாங்கிக்கொண்டு வந்த ஒருவர், முப்பது வருஷமாக மிக்சருக்கே வேலை செய்து, கடைசியில் உப்பு சேர்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஓய்வு பெற்றார்.

ஏணிக்கு வேலையில் பயமில்லை. அவளுக்கு இருந்தது வேறொரு வியாதி. "எவ்வளவும்மா?" என்று யாராவது கேட்டால், தொண்டை வரைக்கும் தொகை வரும். உதட்டுக்கு வரும்போது அது "பாத்துக் குடுங்க" என்று ஆகிவிடும்.

அவள் கணவர் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர். அவர் அவளுக்குப் பயிற்சி கொடுத்தார். மாவு மேடைக்கு எதிரே அவளை நிறுத்தி, "நான்தான் வீட்டுக்காரன். ஏம்மா, எவ்வளவு ஆகும்?" என்று அதட்டுவார்.

"ஒரு நாள் கூலி. முழுசா."

"என்ன முனகறே? மாவுக்கே கேக்கலே."

"முழு நாள் கூலிங்க."

"அந்த 'ங்க'வை எடு. அதுலதான் பாதி போயிடுது."

நாலு நாள் சொல்லிச் சொல்லி, ஐந்தாவது நாள் மாவு நன்றாக உப்பி வந்தது. "பாரு, மாவு ஒத்துக்கிச்சு" என்று கணவர் கையைத் துடைத்துக்கொண்டார். "இதே மாதிரி சொல்லிட்டு வந்துடு. இல்லேன்னா அடுத்த திங்கக்கிழமை மேஸ்திரி வாசல்லதான் நிக்கணும். அப்புறம் ஆயுசு முழுக்கப் பாதிதான்."

முதல் வேலை பட்டன்காரர் வீட்டில் கிடைத்தது. கீழே கடை, மேலே இரண்டு மாடி வீடு. கடையில் பட்டனும் ரிப்பனும் தவிர வேறெதுவும் விற்பதில்லை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கிற பட்டனில் ஒன்று தைத்திருந்தது. பட்டன்காரர் ஒல்லியான மனிதர். பேசும்போதும் கை எதையாவது எண்ணிக்கொண்டிருக்கும். வாசல் வரை வந்து வரவேற்றது அவர் மனைவி.

"வாம்மா வா. உள்ள வர்றதுக்கு முன்னாடி இங்க ஒரு சுவிட்ச் இருக்கு, அதைப் போட்டுடு. நீ மாடிக்குப் போறப்போ இல்லேன்னாலும், இறங்கி வர்றப்போவாவது படிக்கட்டுல வெளிச்சம் வந்துடும்."

அந்த வீட்டின் கோளாறு அதுதான். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், உடனே எரியாது. சமையலறை விளக்குக்கு முக்கால் மணி நேரம். குளியலறை விளக்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும், ஆகவே தேவைகளை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் மத்தியானம் கை கழுவும்போதே சுவிட்சைப் போட்டுவிடுவார்கள். மாடியறை மின்விசிறியைக் கோடையில் போட்டால் மழைக்காலத்தில் சுற்றும். ஒரு தடவை விருந்தாளி ஒருவர் விஷயம் தெரியாமல் எல்லாச் சுவிட்சுகளையும் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் ஊர் போய்ச் சேர்ந்து கடிதம் போட்ட பிறகும் இங்கே ஒவ்வொன்றாக எரிந்துகொண்டிருந்ததாம்.

"இருபத்தெட்டு வருஷமா இப்படித்தான்" என்றாள் பட்டன்காரம்மா. "அஞ்சு பேரு வந்து பாத்துட்டாங்க. எல்லாரும் பல்பை மாத்திட்டுப் போயிட்டாங்க."

"ஒயரிங் யாரு செஞ்சது?"

பட்டன்காரர் சொன்னார். ஏணியின் பழைய மேஸ்திரிதான். அவளுக்குப் பாதி விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது. மேஸ்திரி நாள் கூலிக்கு வேலை எடுக்கிறவர் அல்ல. மீட்டர் கணக்கு. எத்தனை மீட்டர் ஒயர் போடுகிறாரோ அத்தனைக்குக் காசு.

"எவ்வளவும்மா கேப்பே?" என்றாள் பட்டன்காரம்மா.

ஏணி வாயைத் திறந்தாள். நாலு நாள் பயிற்சி செய்த தொகை நாக்கு நுனியில் வந்து நின்றது. எதிரே அந்த அம்மாவின் முகம் அவ்வளவு சாந்தமாக இருந்தது. மாவின் முகத்துக்கும் மனுஷ முகத்துக்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா?

"பாத்துக் குடுங்க" என்றாள்.

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பட்டன்காரர் எண்ணிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். "பாத்துத்தான் குடுப்பேன். பாக்காம நான் யாருக்கும் எதுவும் குடுத்ததில்லே."

ஏணி மெயினை அணைத்து, ஃபியூஸ்களைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். ஃபியூஸ் தன்னிடம் இருந்தால்தான் வேறு யாரும் தெரியாமல் மெயினைப் போட முடியாது. வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். பிறகு குளியலறைச் சுவிட்சைக் கழற்றி, அதன் ஒயர் போகிற வழியே சுவரைத் தட்டித் தட்டி நடந்தாள்.

மெயினிலிருந்து குளியலறைக்கு எட்டடி. ஒயர் அப்படி நினைக்கவில்லை. அது முதலில் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த்தொட்டியை ஒன்பது சுற்றுச் சுற்றியிருந்தது. அப்புறம் மாடியறை ஜன்னல் நாலையும் வலம் வந்து, சமையலறையில் இறங்கி, அலமாரிக்குப் பின்னால் ஒரு பெரிய சுருளாகப் படுத்து எழுந்து, கடைக்குள் போய் ஒவ்வொரு இழுப்பறைக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் மொட்டைமாடிக்கு ஏறி, எதையோ மறந்துவிட்டது போலத் தொட்டியை இன்னும் இரண்டு தடவை சுற்றிவிட்டுத்தான் குளியலறைக்கு வந்திருந்தது. ஏணி அத்தனை தூரமும் நடந்து குளியலறை வாசலில் வந்து நின்றபோது அவளுக்கே மூச்சு வாங்கியது. மின்சாரம் தாமதமாக வந்ததில் தப்பே இல்லை. அது வந்து சேர்ந்ததுதான் பெரிய விஷயம்.

அவள் ஒவ்வொரு ஜங்ஷன் பாக்ஸாகத் திறந்து, நேர்வழியில் புது ஒயர் போட்டு, பழையதை உருவத் தொடங்கினாள். காலை பத்து மணிக்கு வெயில் ஜன்னல் வழியே வந்து தரையில் உட்கார்ந்தது. உருவ உருவ ஒயர் வந்துகொண்டே இருந்தது. கூடத்தில் முதலில் ஒரு பூனை அளவுக்குக் குவிந்தது. அப்புறம் ஓர் ஆடு. மத்தியானத்துக்குள், படுத்திருக்கும் எருமை அளவுக்கு வந்துவிட்டது.

பகல் பன்னிரண்டு மணி சுமாருக்கு அது நடந்தது. மெயின் அணைந்திருந்தது. ஃபியூஸ்கள் ஏணியின் சட்டைப்பையில் இருந்தன. அப்படியிருந்தும், அலமாரிக்குப் பின்னால் இருந்த சுருளை அவள் இழுத்தபோது, படுக்கையறை விளக்கு மெல்ல எரிந்தது. வெள்ளை பல்புதான். ஆனால் அதிலிருந்து வந்தது பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம்.

ஏணி டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். மின்சாரம் இல்லை. வெளிச்சம் மட்டும்தான்.

"அய்யோ, இது அன்னைக்குப் போட்டது!" என்று பட்டன்காரம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்னைக்கு?"

"சின்னவளுக்குப் பல்லு விழுந்துச்சே, அன்னைக்கு. கட்டிலுக்கடியில எங்கேயோ உருண்டுடுச்சு. தேடறதுக்கு லைட்டைப் போட்டோம். வரவே இல்லே. அழுது அழுது அவ தூங்கிட்டா, நான் அணைச்சுட்டேன்." அவள் குனிந்து மஞ்சள் வெளிச்சத்தில் கட்டிலுக்கடியில் கைவிட்டுத் துழாவினாள். எழுந்தபோது உள்ளங்கையில் அரிசி மாதிரி ஒரு பால் பல் இருந்தது. "அவளுக்குக் கல்யாணமாகி, இப்ப அவ பொண்ணுக்கே பல்லு ஆடுது" என்றாள்.

ஏணிக்கு அப்போதுதான் விளங்கியது. போட்ட சுவிட்சை, விளக்கு வருவதற்குள் இவர்கள் எத்தனையோ தடவை அணைத்திருக்கிறார்கள். ஆனால் புறப்பட்ட வெளிச்சம் புறப்பட்டதுதானே? அது பாட்டுக்குச் சுவருக்குள் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. இப்போது அவள் வழியைச் சுருக்கச் சுருக்க, பாதி வழியில் நின்றவை எல்லாம் வந்து சேர்ந்தன.

அன்று மத்தியானம் முழுவதும் அந்த வீடு அப்படித்தான் இருந்தது. ஜன்னல்களைச் சாத்தி வைத்துவிட்டு மூன்று பேரும் அறை அறையாகப் போய்ப் பார்த்தார்கள். சமையலறையில் ஒரு விடியற்காலை வெளிச்சம் வந்தது. அதில் பால் பொங்குகிற நேரத்து அவசரம் இருந்தது. படிக்கட்டில் வந்த ஒன்று, யாரோ ஏறி வருவதற்காகப் போட்டது போல, ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறியது. கடையில் வந்த வெளிச்சத்தில் பட்டன்காரர் ஏழு வருஷத்துக்கு முன் தொலைத்த ஒரு கோட்டு பட்டனைக் கண்டெடுத்து, உரிய இழுப்பறையில் போட்டார். நீல நிறமாக ஒன்று நடைக்கு வந்து, யாரும் அடையாளம் கண்டுகொள்ளாததால் கொஞ்ச நேரம் மரியாதையாக நின்றுவிட்டுத் தானே அணைந்தது. அது பக்கத்து வீட்டுடையதாக இருக்கலாம் என்று பட்டன்காரம்மா சொன்னாள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஏணி ஒயரை மெதுவாக, தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பது போல உருவினாள்.

நாலரை மணிக்கு வேலை முடிந்தது. ஃபியூஸ்களை மாட்டி மெயினைப் போட்டாள். "அம்மா, இப்ப போட்டுப் பாருங்க."

பட்டன்காரம்மா குளியலறைச் சுவிட்சைப் போட்டுவிட்டு, வழக்கம்போல வேறு வேலை பார்க்கத் திரும்பினாள். திரும்பி முடிப்பதற்குள் விளக்கு எரிந்தது. அவள் பயந்து அணைத்தாள். அணைந்தது. போட்டாள். எரிந்தது. "என்னங்க! இது நான் சொன்னதைக் கேக்குது!" என்று கத்திக்கொண்டே மாடிக்கு ஓடினாள். மாடியிலிருந்து டப் டப்பென்று சுவிட்ச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

ஏணி கை கழுவிவிட்டுக் கடைக்கு வந்தபோது, பட்டன்காரர் ரிப்பன் அளக்கிற கோலால் பழைய ஒயரை அளந்து முடித்திருந்தார்.

"நீ புதுசா போட்டது நாப்பது மீட்டர். உருவினது நாலு கிலோமீட்டர்" என்றார். "ஒயரிங்குன்னா மீட்டர் கணக்கு. உங்க மேஸ்திரிக்கு அப்படித்தான் குடுத்தேன். போட்டா நான் தரணும். எடுத்தா நீ தரணும். அதுலே நாப்பதைக் கழிச்சுக்கலாம். மிச்சத்துக்கு நீதாம்மா எனக்குப் பாக்கி."

அவர் கிண்டல் செய்யவில்லை. அவர் முகம் பட்டன் எண்ணுகிற முகமாகவே இருந்தது.

முதல் நாள் கூலியே கையிலிருந்து கொடுப்பதாக முடிந்தால், அந்த வழக்கப்படி ஆயுசு முழுக்க ஊராருக்கு அவள்தான் காசு கொடுத்து வேலை செய்ய வேண்டும். ஏணி கொஞ்சம் யோசித்தாள்.

"கணக்கு சரிதாங்க. அப்போ நாளைக்குக் காலையிலேயே வந்து, எடுத்ததையெல்லாம் பழையபடி போட்டுடறேன். நாலு கிலோமீட்டருக்கு என்ன ஆகும்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க."

பட்டன்காரரின் உதடுகள் அசைந்தன. மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. "சேச்சே, எதுக்கும்மா அதெல்லாம்? நமக்குள்ள என்ன மீட்டரு, கிலோமீட்டரு" என்று மேசை இழுப்பறையைத் திறந்து கொஞ்சம் நோட்டுகளை எடுத்து வைத்தார். "இந்தா, சந்தோஷமா வாங்கிக்கோ."

ஏணி பார்த்தாள். சரியாகப் பாதி. ஆறு வருஷமாக மேஸ்திரி கொடுத்த அதே தொகை. அது பழகின முகத்தோடு மேசையில் கிடந்தது. கை தானாகவே பாதி தூரம் போனது. வெறுங்கையோடு போவதற்கு இது எவ்வளவோ மேல் என்று ஒரு மனசு சொன்னது. இதை எடுத்தால் இனி எப்போதும் இதுதான் என்று இன்னொரு மனசு சொன்னது. வாய் அதன் பழைய பாட்டைப் பாடத் தயாராக இருந்தது.

அவள் கையை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"முழு நாள் கூலி" என்றாள். 'ங்க' இல்லை. "ஆம்பளைங்க யாராவது வந்து செஞ்சிருந்தா என்ன குடுப்பீங்களோ அது."

பட்டன்காரர் காத்திருந்தார். காத்திருப்பதில் அந்த ஊரில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கோடையில் போட்ட விசிறிக்கு மழைக்காலம் வரை உட்கார்ந்திருந்த மனிதர். இந்தப் பெண் எவ்வளவு நேரம் தாங்குவாள் என்று ஒரு இழுப்பறையைத் திறந்து பட்டன்களை எண்ணத் தொடங்கினார். ஏணியும் அசையவில்லை. வேறு என்ன சொல்வது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, அதற்கு மேல் சொன்னால் குறைந்துதான் போகும்.

அப்போது மாடியிலிருந்து பட்டன்காரம்மா இறங்கி வந்தாள். அந்த அரைமணி நேரத்தில் அவள் ஆளே மாறியிருந்தாள். நடையில் ஒரு வேகம். கண்ணில் ஒரு வெட்டு.

"என்ன ரெண்டு பேரும் பேசாம நிக்கறீங்க?"

"கூலி பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் பட்டன்காரர்.

"பேசறதுக்கு என்ன இருக்கு? அவ கேட்டாளா?"

"கேட்டா."

"குடுத்தீங்களா?"

"யோசிக்கறேன்."

"யோசிக்கறீங்களா!" பட்டன்காரம்மா சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினாள். கடை முழுக்க வெளிச்சம் குதித்தது. "இருபத்தெட்டு வருஷம் யோசிச்சு யோசிச்சுத்தாங்க இந்த வீட்டுல எல்லாம் நடந்துச்சு. நான் ஒரு நாளாவது ஏதாவது சொல்லியிருக்கேனா? இனிமே என்னால ஒரு நிமிஷம் காத்திருக்க முடியாது. எடுங்க. இன்னும் எடுங்க. என்ன, எண்ணறீங்க? நான் எண்ணவா?"

பட்டன்காரர் தன் மனைவியை ஏதோ புது மாடல் பட்டனைப் பார்ப்பது போலப் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்தார். இன்னொரு பாதியையும் எடுத்து வைத்தார். ஆனால் எண்ணவில்லை. அதைப் பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஏணி பணத்தை வாங்கி ஃபியூஸ் இருந்த சட்டைப்பையில் வைத்தாள். பழைய ஒயரை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பட்டன்காரர் பின்னாலேயே வந்தார். மனைவி உள்ளே போய்விட்டாளா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க."

"மத்தியானம் சாப்பிட்டுட்டு நான் கொஞ்சம் படுப்பேன். படுக்கறப்போ தலைமாட்டு விளக்கைப் போட்டுட்டுத்தான் படுப்பேன். அது அங்க எங்கேயோ நடந்து வந்துக்கிட்டே இருக்கு, எப்படியும் வந்துடும்னு நெனச்சுக்கிட்டே தூங்கிடுவேன். இன்னைக்கு நீ மெயினைப் போட்டதும் போய்ப் போட்டுப் பாத்தேன்மா. மூஞ்சியில வந்து அடிச்சுது. இனிமே எப்படித் தூங்கறதுன்னு தெரியலே." தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்த ஒரு விளக்கை மட்டும் பழையபடி பண்ண முடியுமா? உனக்குத்தான் வழி தெரியும்" என்றார்.

ஏணி அந்த மனிதரை உயரத்திலிருந்து பார்த்தாள். மத்தியானம் மஞ்சளும் நீலமுமாக வந்து நின்ற வெளிச்சங்கள் அவளுக்கும் இன்னும் கண்ணில் இருந்தன.

"முடியும். மீட்டர் கணக்கு கிடையாது. நாள் கூலி. இன்னைக்கு வாங்கினதுதான்."

"சரிம்மா" என்றார் பட்டன்காரர், உடனே.

மறுநாள் அவள் வந்தாள். நாலு கிலோமீட்டர் வேண்டியிருக்கவில்லை. ஒரு நல்ல மத்தியானத் தூக்கத்துக்குத் தேவையான அளவு ஒயரை மட்டும் எடுத்து, தலைமாட்டு விளக்கிலிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து காற்று நன்றாக வருகிற ஒரு மூலைக்கும் கொண்டுபோய், அங்கே கொஞ்சம் உட்காரவிட்டு, நிதானமாகத் திரும்பக் கொண்டுவந்தாள். மூன்று மணிக்குப் பட்டன்காரர் கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, அவளுக்கு முழுக் கூலியைக் கொடுத்துவிட்டு, சுவிட்சைப் போட்டார். அறை இருட்டாகவே இருந்தது. அவர் முகம் மெல்லத் தளர்ந்தது.

"கெளம்பிடுச்சா?" என்று கண்ணை மூடியபடியே கேட்டார்.

ஏணி சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். "கெளம்பிடுச்சு. ஜன்னல்கிட்ட வந்துக்கிட்டிருக்கு" என்றாள்.

அவர் அதற்குள் தூங்கியிருந்தார். ஏணி சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள். எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் கைப்பிடிச்சுவரைப் பிடித்தபடி, "ஏணியக்கா, எங்க வீட்டுல மின்விசிறி ஒரு மாதிரி முனகுது, வந்து பாக்கறீங்களா? எவ்வளவு ஆகும்?" என்று கேட்டாள். ஏணி தெருவில் நின்றபடியே, அண்ணாந்து பார்க்கக்கூட வேண்டியில்லாத உயரத்தில், எவ்வளவு ஆகும் என்று சொன்னாள்.